தொடர்ந்து தோத்த அமெச்சூர் ஆஸ்திரேலியன் ஃபுட்பால் கிளப்போட பழைய கோச்சை எப்படி மதிப்பிடுறது?

வெறும் ரிசல்ட்டை மட்டும் பாத்தா அநியாயம்ங்க. மெல்போர்ன் யூனிவர்சிட்டி டீமையே எடுத்துக்கோங்க, 1908ல விஎஃப்எல்-ல (விக்டோரியன் ஃபுட்பால் லீக்) சேந்தாங்க, எல்லாருமே காசு வாங்காம ஆடுனவங்க, நிறைய பேர் படிக்கிற பசங்க, அவங்களுக்கு கோச்சா இருந்தவர்ல ஒருத்தர் ஜெரால்ட் பிராஸ்னன், 1904ல ஃபிட்ஸ்ராய்ங்கிற இன்னொரு கிளப்புக்கு கேப்டனா கப் வாங்கிக் கொடுத்த ஆளு. ஆனா 1911ல லீக் சம்பளத்தை வெளிப்படையாவே அனுமதிச்சிருச்சு, மத்த கிளப்லாம் காசு கொடுத்து ஆள் எடுக்க, இங்க பரீட்சை வந்தா பிளேயர் புத்தகத்தைத் தூக்கிட்டு போயிடுவான், கோச் என்னதான் பண்ணுவார் சொல்லுங்க! 1912ல ஆரம்பிச்சு வரிசையா 51 மேட்ச் தோல்வி. 1914 சீசனோட லீக்கை விட்டே விலகிட்டாங்க. அதனால கோச் கையில என்ன இருந்துச்சுன்னு முதல்ல பாருங்க, அப்புறம் ஸ்கோரைப் பாருங்க.