வண்டிக்கு முன்னால் பட்டியல்

வியாசர்பாடி வாசகி: வெள்ளத்தில் ரேஷன் கார்டு, மகனின் மார்க்‌ஷீட் எல்லாம் போய்விட்டன. புரோக்கர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்மார்ட் கார்டு, ஆதார் இரண்டையும் பதிவு செய்த செல்போன் எண்ணை வைத்தே இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். மார்க்‌ஷீட்டுக்குத் தலைமையாசிரியரைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சிறப்பு முகாம் போட்டு, தொலைந்த சான்றிதழ்களை இலவசமாகவே கொடுத்தார்கள். முகாம் அறிவித்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: நண்பர்கள் சேர்ந்து 200 பேருக்கு அரிசி, பால் பவுடர் கொண்டுவருகிறோம். வண்டியை எங்கே நிறுத்தலாம்?

யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே! வண்டி மெயின் ரோட்டில் நிற்கும், முன்னால் நிற்பவருக்கு மூன்று பை, சந்தின் கடைசி வீட்டுக்கு ஒன்றுமில்லை. 2015 வெள்ளத்தில் ஒரு பாட்டி முழங்கால் தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். வந்து சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மடித்த கட்டைப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வருமா தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

முதலில் தெருவை நடந்து பாருங்கள், பட்டியல் எழுதுங்கள். படுக்கையில் கிடப்பவர், கைக்குழந்தை, சர்க்கரை மாத்திரை தீர்ந்தவர் என்று வீடு வீடாகக் குறியுங்கள். ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லாதீர்கள். வாடகைக்கு இருப்பவரின் கார்டு வேறு முகவரியில் இருக்கும். குடோனில் மூட்டை தூக்கும் வடமாநிலத் தொழிலாளி பலருக்கு இங்கே கார்டே கிடையாது. அப்புறம் வண்டி வருவதற்கு முந்தின நாள் மாலையே வீட்டில் டோக்கன். வாங்குபவரைப் படம் எடுக்கவே கூடாது.

புளியந்தோப்பு வாசகி: பழைய துணி கொடுக்கலாமா?

வேண்டாம். புது நைட்டி, உள்ளாடை, நாப்கின், பெட்ஷீட் கொடுங்கள்.

எண்ணூர் வாசகர்: ஆற்றில் எண்ணெய் கலந்தால் எவ்வளவு நிவாரணம்?

படகு உண்டா, வலை உண்டா, எதுவும் சொல்லாமல் கேட்டால் எப்படி? 2023-இல் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்தபோது மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000 என்று தனித்தனியாக அறிவித்தார்கள். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் படகு கிடையாது. அவர்கள் பெயரை ஊர்ப் பட்டியலில் முதலிலேயே ஏற்றுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பட்டியல்.

திருவொற்றியூர் வாசகி: தண்ணீர் வடிந்தும் அம்மா தூங்குவதில்லை. நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டுமா?

தோண்டித் துருவாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள், வீட்டைக் கழுவும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.