கிராமத்துப் பழைய ஓட்டு வீட்டை விருந்தினர் இல்லமாக மாற்றப்போகிறோம். சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி சீரமைக்க, திறப்பதற்கு முன் முதலில் எதில் பணம் போடுவது?

தண்ணீர் வீட்டுக்குள் வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் போடுங்கள். சோலார் அப்புறம். தலைகீழாகச் செய்து பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் தாத்தா கட்டிய வீடு. செட்டிநாடு என்றதும் அரண்மனையை நினைத்துவிட வேண்டாம். நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், நான்கு அறை, பின்கட்டில் சமையல், அதற்கும் பின்னால் கிணறும் மாட்டுக்கொட்டகையும். பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கவே ஒன்றரை வருடம் போயிற்று. அன்றைக்கு எரிச்சலாக இருந்தாலும் வீட்டைக் காப்பாற்றியது அந்தத் தாமதம்தான். வேலை தொடங்க முடியாமல் ஒரு சித்திரை வெயிலையும் ஒரு ஐப்பசி மழையையும் அங்கேயே தங்கிப் பார்த்தோம். மத்தியானம் எந்த அறை வேகிறது, எந்த மூலை ஒழுகுகிறது, முற்றத்து மழைத்தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்ததுதான். என்ஜினியர் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துப் போட்ட வரைபடத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

சுவர் விஷயத்தில் பெரிய தப்பு செய்தோம். வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டியது. தொண்ணூறுகளில் சித்தப்பா தரையிலிருந்து நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவைத்திருந்தார், அது பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஒப்பந்தக்காரர் அதைக் கொத்திவிட்டு மறுபடி சிமெண்டே பூசி, மேலே ஓதம் தடுக்கும் பெயிண்ட் அடிக்கலாம் என்றார். ஒரு அறையை முடித்தும் விட்டோம். அடுத்த மழைக்கு ஈரம் பூச்சுக்கு மேலே ஐந்தடியில் பூத்து நின்றது. ஊரில் எழுபது தாண்டிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். “சிமெண்ட வச்சு அடைச்சா ஓதம் போயிருமா தம்பி? வெளிய வர வழி இல்லன்னா மேல ஏறத்தான் செய்யும்” என்றார். பழைய செங்கல் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது.

அவரை வைத்தே சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பை நீற்றி மூன்று வாரம் தொட்டியில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினோம். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு இறுகும் பொருள் அது, அவசரப்பட்டால் வெடிக்கும். சித்தாளுக்குத் தினமும் சுவரை நனைப்பதே வேலை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு இதில் இறங்காதீர்கள். எங்களுக்கு மூன்று மாதம் தள்ளிப்போனது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். பக்கத்து ஊர் என்பதால் லாரி வாடகை மிச்சம். கண்ணாடித் தட்டில் நிறக்கலவை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதுதான், சூளையில் சுடுவதில்லை. கதவு ஜன்னல் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் வாங்கினோம். புது மரம் வெட்டாமல் முடிந்தது என்று பெருமைதான், ஆனால் அவையெல்லாம் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை என்பது கொஞ்சம் உறுத்தியது.

இப்போது தண்ணீர். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்போது இறக்கிய பிவிசி குழாய் இருந்தது. தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் இரண்டடியில் முடிந்திருந்தது, குழியும் இல்லை, ஜல்லியும் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருமுறை தோண்டிப் பாருங்கள். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 150 சதுர மீட்டர். அடைமழையில் 100 மி.மீ. விழுந்தால் 15,000 லிட்டர். ஓடு குடித்தது, சிந்தியது போக 12,000 கைக்கு வரும். முதல் மழையின் தூசித் தண்ணீரைத் திருப்பி விட்டுவிட்டு மீதியை 10,000 லிட்டர் தொட்டிக்கும், தொட்டி நிறைந்தால் மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்கும் விட்டோம். போர்வெல் தண்ணீர் உப்பு, சோலார் வெந்நீர்க் கலத்தில் உப்புப் படிந்து அடைத்துவிடும். மழைத்தண்ணீர் அதற்கும் உதவுகிறது.

கழிவுக்குத்தான் அதிகம் செலவானது, படம் எடுத்துப் போட முடியாத செலவு. பழைய செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 20 அடியில், அடியில் தளமே பூசாமல் இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அத்தனை வருடம் குடித்திருக்கிறோம்! அதை மூடிவிட்டு, கிணற்றுக்கு 50 அடிக்கு அப்பால் இரட்டைக் குழி போட்டோம். ஒன்று நிரம்பினால் மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். முதல் குழி இரண்டு வருடம் மூடிக் கிடந்தால் மட்கி எருவாகிவிடும். நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் ஊராக இருந்தால் இது சரிப்படாது. வீட்டுக் கக்கூஸ் அளவுக்குக் குழி போடாதீர்கள், விருந்தினர் கணக்கு வேறு. குளிக்கிற தண்ணீரை இதில் கலக்காமல் கல்வாழைப் பாத்திக்கு விட்டு, அங்கிருந்து வாழைக்கு.

சோலார் சொன்னேனே. எல்லாவற்றுக்கும் முன்னால் 3 கிலோவாட் வாங்கிவிட்டேன். நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும், சரி. ஆனால் ஓட்டுக் கூரை தாங்காது என்று மாட்டுக்கொட்டகையை இடித்து வலுவாகக் கட்ட வேண்டியதாயிற்று. வீடுகளுக்கான மத்திய அரசு மானியம் வணிக இணைப்புக்குக் கிடையாது. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்பதும் அப்போது தெரியாது. முதலில் வந்த குடும்பத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிக் கொடுத்தோம். அந்தப் பணத்தில் 75 வாட் மின்விசிறிகளை 30 வாட்டிலேயே ஓடும் பிஎல்டிசி வகை விசிறிகளாக மாற்றியிருந்தால் சின்ன பேட்டரியே போதுமாயிருந்திருக்கும். பிறகு மாற்றினோம்.

ஏசி வைப்பதா என்று வீட்டில் பெரிய சண்டை. ஓட்டுக்கு அடியில் மூங்கில் தட்டி அடித்ததில் வெக்கை நன்றாகவே குறைந்தது, ஆனாலும் மே மாதத்தில் சென்னையிலிருந்து வருபவர் வேப்பமரக் காற்றை நம்பிப் பணம் கட்டமாட்டார். இரண்டு அறைக்கு வைத்தோம், வாடகை தனி. “இதுவா இயற்கை?” என்று எழுதிவிட்டுப் போனவரும் இருக்கிறார்.

காகித வேலையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். மின் இணைப்பு மாற்றம், ஊராட்சி, உணவு கொடுத்தால் அதற்கான பதிவு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும், முன்பு இதைச் சி படிவம் என்பார்கள்.

அப்புறம், ஓடு மாற்றும்போது நல்ல பழைய ஓடுகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். கொட்டகைச் சுவரோரம் ஒரு 200 ஓடாவது அடுக்கி வையுங்கள். எங்கள் ஊரில் திறப்பு விழாவுக்கு மறுநாளே குரங்குகள் வந்துவிட்டன.