வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க ராப் பாடகி எம்.சி. லைட் 2024-ல் கொண்டுவந்த 'ஒன் ஆஃப் ஒன்' ஆல்பத்தில் இத்தனை விருந்தினர்கள் எதற்கு? தனியாகப் பாடத் தெம்பில்லையா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: தெம்புக்கு என்ன குறைச்சல், சகோதரி! 1988-லேயே முதல் ஆல்பம் போட்டவர். 2015-ல் வந்த ஆல்பத்துக்கு அப்புறம் ஒன்பது வருஷ இடைவெளி. இதில் 'சேஞ்ச் யுவர் வேஸ்' பாட்டுக்குப் பாடகர் ஸ்டீவி வொண்டரும் ராப் பாடகர் காமனும் வந்திருக்கிறார்கள். பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் தாண்டும்வரை அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். லைட்டின் குரலில் அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் நறுக்கென்று விழுகிறது. உங்கள் பேட்டை கானாவில் டோலக்கும் கோரஸும் சேர்ந்துகொண்டால் பாடுகிறவர் குரல் அமுங்கியா போகிறது? இன்னும் எழும்பத்தானே செய்கிறது! ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு நம் ஊர் ராப் மேடையிலும் இப்படி மைக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஏக்கம்.