ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அதிகாரம்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் நம் மாநிலப் பட்டியல் போல ஒன்று உண்டா?

இல்லை, அங்கே முறையே தலைகீழ். லண்டன், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றமும் அரசும், தன்னிடம் வைத்துக்கொண்டவற்றைத்தான் 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை பட்டியலிடுகிறது: பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், குடியேற்றம் போன்றவை. அதில் சொல்லாத கல்வி, சுகாதாரம், காவல்துறை எல்லாம் எடின்பரோவின், அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் கையில். நம் நாட்டில் பட்டியல்களில் வராத அதிகாரம் மத்திய அரசுக்குப் போகிறது. ஆனால் அந்த 1998 சட்டத்தின் 28(7) உட்பிரிவை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: ஸ்காட்லாந்துக்காகச் சட்டம் இயற்றும் லண்டனின் அதிகாரம் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து அதை முதலில் படியுங்கள்.

கேள்வி: இதனால் சாதாரண மக்களுக்கு என்ன மாறியது?

கடையில் மதுவின் விலையைப் பாருங்கள். ஒரு யூனிட் (10 மில்லி தூய) ஆல்கஹாலுக்கு 50 பென்ஸுக்குக் குறைத்து விற்கக் கூடாது என்ற விதி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 40 சதவீத விஸ்கி 700 மில்லி பாட்டிலில் 28 யூனிட். ஆக, குறைந்தது 14 பவுண்டு. 2024 செப்டம்பரில் யூனிட்டுக்கு 65 பென்ஸ் ஆனதும் அதே பாட்டில் 18.20 பவுண்டு. எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் போனால் இந்த விதி இல்லை. சட்டம் 2012இலேயே நிறைவேறிவிட்டது. மது நிறுவனங்கள் தொடுத்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் முடியவே 2017 ஆகிவிட்டது.

கேள்வி: வேல்ஸில் எப்படி?

1999இல் லண்டனின் சட்டங்களுக்கு உட்பட்டு வெறும் துணைவிதி போடும் அதிகாரம்தான். 2011 வாக்கெடுப்புக்குப் பிறகே முழுச் சட்டம் இயற்ற முடிந்தது.

கேள்வி: தனிநாடு வாக்கெடுப்பை அவர்களே நடத்தலாமா?

முடியாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: 2014இல் மட்டும் எப்படி நடந்தது?

லண்டன் தற்காலிகமாக அதிகாரம் கொடுத்தது. தனிநாடு வாக்கெடுப்பு பற்றி இனி வரும் கேள்விகளுக்கும் பதில் இதுதான்: லண்டன் அதிகாரம் கொடுத்தால்தான் நடக்கும்.

கேள்வி: நம் ஆளுநர்கள் மசோதாவை நிறுத்தி வைப்பதும் இதே மாதிரியா?

அது இந்திய அரசியல் சாசன விவகாரம், அந்தத் துறைக்காரரிடம் கேளுங்கள். லண்டன் அமைச்சர் ஸ்காட்லாந்து மசோதாவைத் தடுக்க 1998 சட்டத்தில் 35வது பிரிவு இருக்கிறது. அது முதன்முதலாகப் பயன்பட்டது 2023 ஜனவரியில், சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்வதை எளிதாக்கும் பாலின அங்கீகார மசோதாவின் மீது.

கேள்வி: சம்மதம் இல்லாமல் லண்டன் சாதாரணமாகத் தலையிடாது என்று 2016 ஸ்காட்லாந்து சட்டமே சொல்கிறதே! வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அது அரசியல் மரபு, நீதிமன்றம் அமல்படுத்தாது என்று 2017இல் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) தொடர்பான மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே பிரெக்ஸிட் விலகல் சட்டம் ஸ்காட்லாந்தின் சம்மதம் இல்லாமல் நிறைவேறியது.

கேள்வி: 1997 வாக்கெடுப்பில் 74.3 சதவீதம் பேர் கேட்டு வாங்கிய நாடாளுமன்றம். அதை எந்த அரசு கலைக்கும்?

யாரும் கலைக்கப் போவதில்லை, அந்த வாக்குக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதிகாரம் ஓரத்திலிருந்து அரிக்கப்படுவதுதான் என் கவலை. பிரிட்டனின் ஒரு பகுதியில் விற்கக்கூடிய பொருளை மற்ற பகுதிகளிலும் விற்கலாம் என்று சொல்லும் 2020இன் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்துக்கு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் சம்மதம் மறுத்தன. அதையும் மீறி அது நிறைவேறியது. காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் முன்பணத்தைத் திரும்பத் தரும் திட்டத்துக்கு ஸ்காட்லாந்து அதற்கு முன்பே விதி போட்டிருந்தது. உள்நாட்டுச் சந்தைச் சட்டத்திலிருந்து திட்டத்துக்கு விலக்கு கேட்டபோது, கண்ணாடி பாட்டிலுக்குத் தர முடியாது என்று 2023இல் லண்டன் சொன்னது. திட்டம் தள்ளிப்போனது.

கேள்வி: ஒரு பாட்டிலுக்கா இவ்வளவு?

சுற்றுச்சூழல் எடின்பரோவின் துறை. தன் துறையில் எந்தப் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கலாம் என்பதற்குக்கூட லண்டனின் அனுமதி தேவைப்பட்டது என்றால், அது பாட்டில் பிரச்சினை மட்டும் இல்லை.