இருபத்தொரு வயதுப் பெண்ணின் கடற்கரை

அன்புள்ள ஐயா,

பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் அண்டார்டிகா வரைபடம் வரைகிறேன். தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளில் லிவிங்ஸ்டன் தீவு. அதன் ஒரு சின்ன முனையிலேயே ஷிரெஃப் முனை, அரைநிலாக் கடற்கரை, யாமனா கடற்கரை என்று இத்தனை பெயர்கள். ஆளே இல்லாத இடத்துக்கு இவை எதற்கு? அட்சரேகை, தீர்க்கரேகை போதாதா? 'யமானா' சரியா, 'யாமனா'வா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ராத்திரி கண்விழித்து வரைகிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சந்தோஷம். 'யாமனா' என்றே எழுதுங்கள். அட்சரேகைப் பேச்சை விடுங்கள்.

'ஆளே இல்லாத இடம்' என்று எப்படி எழுத மனம் வந்தது? தெரியாமல் எழுதியிருந்தாலும் எனக்குக் கோபம்தான்.

1819 செப்டம்பரில் சான் டெல்மோ என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் 644 பேரோடு அந்தக் கடலில் காணாமல் போனது. அவர்களுக்கு அரைநிலாக் கடற்கரையில் கல் குவித்து நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். 1820இல் அளக்க வந்த பிரான்ஸ்ஃபீல்ட் தன் மேலதிகாரி ஷிரெஃப்பின் பெயரை முனைக்கு வைத்தார். அப்புறம் தோலுக்காகக் கடல்நாய் வேட்டைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1821, 1822 இரண்டே ஆண்டுகளில் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து சுமார் 3,20,000 தோல்கள் போயின என்பது அந்த வேட்டைக்கே வந்த ஜேம்ஸ் வெட்டலின் கணக்கு.

1985இல் சிலி நாட்டு உயிரியலாளர் டானியல் டோரஸ் யாமனா கடற்கரையில் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். தென் சிலியின் பழங்குடிப் பெண். வயது ஏறக்குறைய இருபத்தொன்று. இறந்தது அந்த வேட்டைக் காலத்தில். அண்டார்டிகாவில் கிடைத்த மிகப் பழைய மனித எலும்பு அவளுடையதுதான்.

என் மகளுக்கும் இப்போது இருபத்தொன்று. அதைப் படித்த நாளிலிருந்து இது மனதை விட்டுப் போகவில்லை. தென் அமெரிக்காவுக்கும் இந்தத் தீவுகளுக்கும் நடுவே கிடக்கும் டிரேக் நீரிணையைத் தாண்டி, வேட்டைக் கப்பலில் இல்லாமல் வேறு எதில் வந்திருப்பாள்? விரும்பித்தான் வந்தாளா? காகிதமும் மையும் வைத்திருந்தவன் முனைக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனான். அவளும் அந்தக் கரையை ஏதோ ஒரு சொல்லால் அழைத்திருப்பாள். தண்ணீர் எடுத்த இடம், காற்று படாத பாறை, எல்லாவற்றுக்கும் அவள் வாயில் ஒரு பெயர் இருந்திருக்கும். அதில் ஒன்றைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் பெயரையே எழுதவில்லையே!

யாமனா என்பது தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவுகளில் தோணியிலேயே வாழ்ந்த ஒரு மக்களின் பெயர். அவர்கள் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி கிறிஸ்டினா கால்டெரோன் 2022இல் இறந்தார்.

உங்கள் வரைபடத்தில் இடம் போதாவிட்டால் ஷிரெஃப்பை விட்டுவிடுங்கள். யாமனா கடற்கரை இருக்கட்டும். பிள்ளைகள் கேட்டால் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள்.