தலைக்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாவட்டங்களைத் தனிநபர் வருமானத்தின்படி வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். முன்னால் இருக்கும் மாவட்டத்து மக்கள் அதிகத் திறனோடு உழைக்கிறார்கள், பின்னால் இருப்பவர்கள் அப்படியில்லை என்று அதற்கு விளக்கம் தந்திருந்தார்கள். இந்த முடிவு சரியா? – ஒரு வாசகர், பல்லடம்

பதில்: சரியல்ல. அந்தப் பட்டியலும் அந்த விளக்கமும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பற்றியவை. அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான மாவட்ட உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டில் அந்த மாவட்டத்தின் எல்லைக்குள் கூட்டப்பட்ட மதிப்பின் தொகை. அதை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று தெரியும். உழைப்பின் உற்பத்தித்திறனை அறிய வேண்டுமானால், அதே தொகையை வேலை செய்தவர்களின் எண்ணிக்கையால், இன்னும் சரியாகச் சொன்னால் அவர்கள் வேலை செய்த மணிநேரத்தால், வகுக்க வேண்டும். குழந்தைகளும் முதியோரும் அதிகமுள்ள மாவட்டத்தில், உழைப்பவர் ஒவ்வொருவரும் நிறைய உற்பத்தி செய்தாலும் தலைக்கணக்கு குறைவாகவே வரும்.

மதிப்புக்கூட்டல் என்பதை உங்கள் பகுதித் தொழிலை வைத்தே பார்க்கலாம். கணக்குக்காக, ஒரு நூற்பாலை 60 ரூபாய்ப் பஞ்சை வாங்கி 90 ரூபாய்க்கு நூலாக விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நூல் நிட்டிங்கும் சாயமும் கண்டு 140 ரூபாய்த் துணியாகிறது. துணி வெட்டித் தைக்கப்பட்டு 220 ரூபாய்ச் சட்டையாகிறது. மூன்று விற்பனைகளையும் கூட்டினால் 450 வரும். ஆனால் நூலும் துணியும் அந்தக் கூட்டலில் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கூடிய 30, 50, 80 ஆகியவற்றின் தொகையான 160 ரூபாய்தான் இப்பகுதியின் உற்பத்தி. பஞ்சு குஜராத்திலிருந்து வந்திருந்தால் அந்த 60 ரூபாய் அந்த மாநிலத்தின் கணக்கைச் சேரும். சட்டை வெளிநாட்டுக் கடையில் 900 ரூபாய்க்கு விற்றால், எஞ்சிய 680 ரூபாயின் பெரும்பகுதி அந்த நாட்டின் கணக்கில் ஏறும். தைத்த கை அதேதான், தையலின் தரமும் அதேதான். விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதே யாருடைய உற்பத்தித்திறன் உயர்ந்தது என்ற தோற்றத்தையும் தீர்மானிக்கிறது. உங்கள் ஊரில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர், மீட்டருக்கு இவ்வளவு என்ற கூலி குறைந்துவிடும் ஆண்டில், அதே தறியில் அதே மீட்டரை நெய்தும் அன்றைய விலைக்கணக்கில் திறன் குறைந்தவராகத் தெரிவார். அதனால்தான் ஆண்டுகளுக்கு இடையே ஒப்பிடும்போது ஏதேனும் ஓர் ஆண்டின் விலையையே எல்லா ஆண்டுகளுக்கும் வைத்துப் போடும் நிலைவிலைக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எல்லைகளையும் கவனிக்க வேண்டும். 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. பல்லடமும் உடுமலையும் கோவையிலிருந்து வந்தன; தாராபுரமும் காங்கயமும் ஈரோட்டிலிருந்து வந்தன. அதற்கு முந்தைய கோவையையும் பிந்தைய கோவையையும் அப்படியே ஒப்பிட்டால், ஒரு தறிகூட நிற்காமலேயே ஒரு பெரும் சரிவு ஏற்பட்டதைப் போலத் தோன்றும். ஒரு மாவட்டத்தில் குடியிருந்து அடுத்த மாவட்டத்தில் வேலை செய்பவர்களின் உற்பத்தி, வேலை நடந்த இடத்தில்தான் சேரும். அவர்களின் தலை மட்டும் குடியிருக்கும் இடத்தில் எண்ணப்படும். லண்டன் மாநகரின் மையப் பகுதிக்குத் தலைக்கணக்கு பல மடங்காக வருவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

மக்கள்தொகையும் இப்போது உறுதியான எண்ணாக இல்லை. 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் ஏறத்தாழ 34.6 லட்சம் பேரும் திருப்பூர் மாவட்டத்தில் 24.8 லட்சம் பேரும் இருந்தார்கள். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடக்காததால், அதற்குப் பின்வந்த தனிநபர் வருமானப் பட்டியல்கள் மதிப்பீட்டுத் தொகையால் வகுத்தே போடப்பட்டன. வெளிமாநிலத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து போகும் திருப்பூருக்கு அந்த மதிப்பீடு எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மேலும், வங்கி, ரயில், தொலைத்தொடர்பு போன்றவற்றின் மாவட்டத் தொகை நேரடியாக அளக்கப்படுவதில்லை. மேல்மட்டத் தொகையை ஏதேனும் ஒரு குறியீட்டின்படி பங்கிட்டே போடப்படுகிறது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு இடங்களில் நிற்கும் மாவட்டங்களுக்கிடையே உள்ள சிறு வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கேள்வி: எங்கள் பவர் டேபிள் தையல் கூடத்தில் பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட் ஓடுகிறது. ஒரு ஷிஃப்டோடு நிறுத்தும் கம்பெனியைவிட எங்களுக்குத்தானே ஆளுக்கு அதிக உற்பத்தி? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஆளுக்கு அதிகம், மணிக்கு அதிகமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, பத்துப் பேர் 12 மணிநேரம் உழைத்து 9,600 ரூபாய் மதிப்புக் கூட்டினால் ஆளுக்கு 960, மணிக்கு 80. வேறொரு கூடத்தில் பத்துப் பேர் 8 மணிநேரத்தில் 7,200 ரூபாய் கூட்டினால் ஆளுக்கு 720, மணிக்கு 90. ஆள்கணக்கில் முந்தியவர் மணிக்கணக்கில் பிந்திவிடுகிறார். இரவு எட்டரை மணிக்குக் கண் எரியத் தைக்கும் தையலைத் திறன் என்று எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை; அது கூடுதல் உழைப்பு, அதற்கு அந்தப் பெயரையே கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊரில் ஒரு கூடத்தில் நான் கண்டதையும் சொல்கிறேன். முற்பகல் பதினோரு மணிக்கு எட்டு மெஷின்களில் மூன்று நின்றிருந்தன. டெய்லர்கள் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்கள், கரண்டும் இருந்தது. கழுத்துப் பட்டிக்கு வந்த, இழுத்தால் நீளும் ரிப் துணியை உடல் துணியின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் மேற்பார்வையாளர்: நிறத்தின் ஷேடு மாறியிருந்தது. ரிப் மறுபடி சாயத்துக்குப் போய்த் திரும்பும்வரை அந்த மூன்று மெஷின்களுக்கும் வேலை இல்லை. அன்றைய இழப்பு அந்தக் கூடத்தின் கணக்கில்தான் விழும். ஆனால் அதன் காரணம் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு சாயத் தொட்டியில் இருந்தது. நிட்டிங், சாயம், துணி பின்னால் சுருங்காதபடி செய்யும் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று வேலை பல கூரைகளுக்குக் கீழே பிரிந்து கிடக்கும் ஊரில், ஒருவருடைய திறன் பக்கத்துக் கூடத்தின் திறனைச் சார்ந்தே இருக்கிறது. துணி மாலைக்குள் திரும்பி வந்துவிடுவதும் அந்த நெருக்கத்தால்தான். தனித்தனி நிறுவனமாக எடுத்து அளந்தால் இந்தப் பிணைப்பு கணக்கில் தெரியாது.

கேள்வி: நொய்யல் ஆற்றைக் கெடுத்துச் சம்பாதித்ததும் மாவட்ட உற்பத்தியில் சேர்ந்துதானே இருக்கிறது? – ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: ஆம், சேர்ந்தே இருக்கிறது. நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியதையும், அதற்குக் கீழே கிணறுகளும் தோட்டங்களும் உப்பேறிக் கெட்டதையும் உற்பத்திக் கணக்கு கழித்துக்கொள்ளவில்லை. விளைச்சல் குறைந்தபோது உழவின் பங்கு குறைந்தது. ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணமான தொழிலின் பங்கு அப்படியே நின்றது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்த பிறகே ஆலைகள் இயங்க முடிந்தது.

இங்கே ஒப்பீட்டில் ஒரு முரண் எழுகிறது. சுத்திகரிப்புக்கு ஆகும் மின்சாரம், ரசாயனம், விறகு எல்லாம் நூற்பாலைக்குப் பஞ்சின் விலையைப் போல இடைச்செலவாகக் கழிக்கப்படுவதால், சாயக் கூலி அதற்கேற்ப ஏறாதவரை, அதே துணிக்குச் சாயமிடும் ஆலையின் மதிப்புக்கூட்டல் முன்பைவிடக் குறைவாக வரும். கழிவை ஆற்றில் விட்ட காலத்து ஆலை திறன் மிக்கதாகவும், சுத்தம் செய்யும் ஆலை திறன் குறைந்ததாகவும் ஏட்டில் தெரியும். உண்மையில் முன்பு உங்கள் ஊர்க் கிணறு ஏற்ற செலவை இப்போது ஆலை ஏற்கிறது. வேறொரு மாநிலத்தில் இந்தச் செலவு இல்லாமல் மலிவாகச் சாயமிடுகிறார்கள் என்று யாராவது ஒப்பிட்டால், அங்கே தண்ணீர் எங்கே போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நாங்கள் குடும்பத்தோடு காட்டில் பாடுபடுகிறோம். ஆனாலும் உழவில் ஆளுக்கு உற்பத்தி மிகக் குறைவு என்கிறார்கள். எங்கள் உழைப்பு எங்கே போகிறது? – ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒன்று, நீங்கள் வீட்டில் சமைப்பதும் குழந்தைகளையும் முதியோரையும் பார்ப்பதும் எந்த உற்பத்திக் கணக்கிலும் வருவதில்லை. மாட்டுக்குத் தீவனம் வைத்துப் பால் கறந்தால் அந்தப் பால் கணக்கில் வரும். அதைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுப்பது வராது. இரண்டு, உழவில் ஆளைவிட நிலமும் நீருமே எல்லை வகுக்கின்றன. 1955-இல் முடிந்த கீழ்பவானித் திட்டத்தின் பாசனப் பரப்பு 2.07 லட்சம் ஏக்கர். அதில் பாதிக்கு ஒரு போகம் நன்செய்க்கும், மறுபாதிக்கு அடுத்த போகம் புன்செய்க்குமாக முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் மதகுக்கு முறை இல்லாத மாதங்களில் நெல் நட எத்தனை பேர் தயாராக இருந்தாலும் பயனில்லை. ஆனாலும் உழவைச் சார்ந்தவர் என்ற எண்ணிக்கையில் அவர்கள் அத்தனை பேரும் ஆண்டு முழுவதும் இருப்பார்கள். ஆளுக்கு உற்பத்தி குறைவாக வருவது அதனால்தான்.

ஆகவே உங்கள் தோட்டத்தை வேறொரு தோட்டத்தோடு ஒப்பிட நினைத்தால், ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது, எத்தனை நனைப்பில் விளைந்தது, அதற்கு எத்தனை ஆள்நாள் ஆனது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மஞ்சள், கரும்பு, நெல் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். வீட்டு ஆள் செய்த நாளையும் கூலி ஆள் செய்த நாளைப் போலவே எழுத வேண்டும், உங்களுடைய நாட்களையும் சேர்த்து.