நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்றால் கீழ்க்கோர்ட்!

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். நியூயார்க் பையர் ஒருவர், துணியின் ஷேட் (நிறம்) மாறிவிட்டது என்று சொல்லி 1,12,000 டாலர் பாக்கியை நிறுத்திவிட்டார். அதோடு நிற்காமல், 90,000 டாலர் நஷ்டஈடு கேட்டு "சுப்ரீம் கோர்ட்டில்" வழக்குப் போடப்போவதாக வக்கீல் கடிதம் வேறு. எடுத்த எடுப்பிலேயே சுப்ரீம் கோர்ட்டா? அங்கே தோற்றால் அப்பீலுக்கு எங்கே போவது? ராத்திரி தூக்கமே இல்லைங்க.
*(திருப்பூர் வாசகர்)*

பதில்: முதலில் தூங்குங்கள். நியூயார்க் மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது முதல் விசாரணை நடக்கும் கோர்ட். நம்ம சப் கோர்ட், ஜில்லா கோர்ட் மாதிரி. அந்த மாநிலத்தின் உச்சியில் இருப்பதற்குப் பெயர் "கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்". யார் இப்படித் தலைகீழாகப் பெயர் வைத்தார்களோ!

நானும் ஏமாந்தவன்தான். மகளைப் பார்க்கப் போயிருந்தபோது நியூயார்க் நகரத்து மன்ஹாட்டனில் சென்டர் ஸ்ட்ரீட் பக்கம் கூட்டிப்போனாள். அகலமான படிக்கட்டு, பெரிய பெரிய தூண்கள், பெயரும் சுப்ரீம் கோர்ட். "அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் இங்கேதான் உட்காருவாங்களா கண்ணு?" என்று கேட்டேன். முப்பத்தெட்டு வருஷம் ஈரோட்டில் வக்கீல் தொழில் செய்தவன் கேட்ட கேள்வி அது. "அப்பா, அவங்க வாஷிங்டன்ல" என்று சொல்லிச் சிரித்தாள். இது மாநிலக் கோர்ட். இதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன பெடரல் கோர்ட்டின், அதாவது மத்திய அரசுக் கோர்ட்டின், கட்டிடங்கள். நடந்துபோனால் சில நிமிஷம்தான், ஆனால் இதிலிருந்து அதற்கு அப்பீல் கிடையாது.

நமக்குக் குழப்பம் வருவதே இங்கேதான். நம் நாட்டில் முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து டெல்லிவரை ஒரே ஏணி. அங்கே ஏணி இரண்டு. எனக்குக் காலிங்கராயன் பாசனத்தில் ரெண்டு ஏக்கர் இருக்கிறது, மச்சானுக்குக் கீழ்பவானியில். இரண்டும் பவானித் தண்ணீர்தான். ஆனால் வாய்க்கால் வேறு, மதகு வேறு, தண்ணீர் விடும் முறையும் வேறு. என் மடையில் தண்ணீர் வரவில்லை என்று அவன் வாய்க்கால்காரரிடம் போய்ச் சண்டை போட முடியுமா?

பெடரல் வாய்க்காலில் அடியில் இருப்பவை மாவட்ட நீதிமன்றங்கள், மொத்தம் 94. நியூயார்க் மாநிலத்துக்கு மட்டும் நாலு. மன்ஹாட்டன் வருவது தெற்கு மாவட்டத்தில். அதற்கு மேலே 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் சேர்ந்து கேட்பார்கள். உச்சியில் வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க சுப்ரீம் கோர்ட். அங்கே வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் வந்தாலும் எடுத்து விசாரிப்பது நூற்றுக்கும் குறைவு. ஒன்பது பேரில் நாலு பேராவது "எடுக்கலாம்" என்று சொல்லவேண்டும். உங்கள் பனியன் அவ்வளவு தூரம் போகாது, கவலையை விடுங்கள்.

சரி, உங்களுக்கு எது நல்லது? நியூயார்க் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் 14 வருஷப் பதவிக்குத் தேர்தலில் நின்று, ஓட்டு வாங்கி வருகிறவர்கள். பெடரல் மாவட்ட நீதிபதியை ஜனாதிபதி நியமிக்கிறார், நாடாளுமன்ற மேல்சபையான செனட் ஒப்புதல் தருகிறது, பதவி ஆயுளுக்கும். உள்ளூர்க் கோர்ட் உள்ளூர்க்காரனுக்குச் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான், வெளியூர்க்காரனுக்கென்று பெடரல் கதவை அரசியல் சட்டத்திலேயே திறந்து வைத்தார்கள். ஒரு பக்கம் அமெரிக்கக் குடிமகன், மறுபக்கம் வெளிநாட்டார், வழக்குத் தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் அங்கே போகலாம். அவர் மாநிலக் கோர்ட்டில் போட்டாலும், வழக்குத் தாள்கள் முறைப்படி உங்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் பெடரல் கோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நாள் தப்பினால் பெரும்பாலும் போனதுதான். மாறினாலும் சரக்கு ஒப்பந்தத்துக்குப் பார்ப்பது மாநிலச் சட்டத்தைத்தான்.

ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. உங்கள் பையர் யார்? திருப்பூரிலிருந்து போன நம்ம ஆட்கள் பலர் அங்கே எல்.எல்.சி. என்று ஒரு கம்பெனி வைத்துத்தான் சரக்கு வாங்குகிறார்கள். எல்.எல்.சி.க்கு என்று தனிக் குடியுரிமை இல்லை. முதலாளிகளின் குடியுரிமைதான் அதற்கும். ஒரே முதலாளி, அவர் கையில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இரண்டு பக்கமும் வெளிநாட்டார் ஆகிவிடும், பெடரல் கதவு மூடிக்கொள்ளும். இரண்டு பேரும் மனமொத்துச் சம்மதித்தாலும் திறக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் இதைப் பார்க்காமல் இரண்டு வருஷம் பெடரல் கோர்ட்டில் நடத்தினார். கடைசியில் நீதிபதியே கேட்டு, வழக்கைத் தள்ளிவிட்டார். வக்கீல் பீஸ் போனது போனதுதான்.

அதனால் இன்றைக்கே மூன்று வேலை. பையரின் குடியுரிமையை விசாரியுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். "வழக்கு இந்தக் கோர்ட்டில் மட்டும்" என்று ஒரு வரி இருந்தால் நான் சொன்னதெல்லாம் மாறிவிடும். அப்புறம், தாள் ஏதாவது வந்தால் வந்த தேதியை உறைமேலேயே எழுதி வையுங்கள். வெளிநாட்டுச் சம்மன் முறைப்படி நம் மத்திய சட்ட அமைச்சகம் வழியாக வரவேண்டும். அதற்காகக் கூரியரில் வந்ததைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், நியூயார்க் வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகனுக்கு பெடரல் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவன் ஒரு தப்பும் பண்ணாதவன். இன்னும் எச்1பி என்ற வேலை விசாதான்.
*(கோபிசெட்டிபாளையம் வாசகி)*

பதில்: அம்மணி, கடிதத்தில் "ஜூரி" என்று இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக அதுதான். குற்றம் சாட்டவில்லை, பொதுமக்களில் ஒருவராக உட்கார்ந்து வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுகிறார்கள்! வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் எடுப்பார்கள். டிரைவிங் லைசென்ஸ் பட்டியலையும் சேர்த்துக்கொள்வது உண்டு. தம்பி லைசென்ஸ் எடுத்திருப்பார், அதில் மாட்டியிருக்கலாம். ஜூரியில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே உட்காரமுடியும். படிவத்தில் "குடிமகன் இல்லை" என்பதைக் குறித்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் "ஆமாம்" என்று குறித்துவிடப் போகிறார், விசாவுக்கே வினையாகும்.